அவரவர் அளவுக்கு ஒரு மூட்டை

சாவி பேன்ட்டில் இருந்தது. பேன்ட் மூட்டையில் இருந்தது. மூட்டையோ காலை பத்து மணிக்கே வேன் ஏறிப் போய்விட்டது.

இது புரிந்தபோது மணி பதினொன்று. ஸ்டோர் ரூம் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, உடம்பில் இருக்கிற எல்லாப் பாக்கெட்டுகளையும் மூன்றாவது முறையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஸ்டோர் சூப்பர்வைசர். அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எல்லோரும் முகத்துக்கு நேரே அவரை "சார்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "பூட்டு". புதுப் பென்சில் கேட்டால் பழைய பென்சிலின் மிச்சத்தைக் காட்டினால்தான் கொடுப்பார். நாமும் பூட்டு என்றே சொல்வோம். அவர் இந்தக் கதையைப் படித்துவிடுவாரோ என்ற பயம் வேண்டாம். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அந்தக் கதவுக்கு இரண்டு சாவிகள். யாரையும் நம்பாதவர் என்பதால் இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்துத் தன்னிடமே வைத்திருந்தார். வீட்டுக்குப் போனதும் வளையத்தைக் கொடியில் தொங்கும் பழைய பழுப்புப் பேன்ட்டின் பாக்கெட்டில் போட்டுவிடுவார். அந்தப் பேன்ட்டுக்கு ஜிப் போய் நான்கு வருடம் ஆகிறது. திருடனே வந்தாலும் அதைத் தொட மாட்டான் என்று அவருக்கு நம்பிக்கை. நம்பிக்கை வீண் போகவில்லை. திருடன் தொடவில்லை. இன்று காலை அவரே எடுத்து, நான்காக மடித்து, மூட்டைக்குள் திணித்துவிட்டார்.

"சூப்பர்வைசர்."

முதலாளியின் குரல். பூட்டு கதவை மறைத்துக்கொண்டு திரும்பினார்.

"ரெண்டு மணிக்கு மூணு பேர் வர்றாங்க. ஸ்டோர்ல என்னென்ன இருக்குன்னு ஒண்ணு விடாம எழுதிக்கணுமாம். நீங்க கூட இருந்து காட்டிடுங்க."

"தாராளமா சார். ஒரு குண்டூசி குறையாது."

"தெரியும்." முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "உங்களை மாதிரி ஆளுங்களை நினைச்சா எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிடுது."

அப்படியே போய்விட்டார். பூட்டுக்கு நெஞ்சு விம்மியது. உடனே சாவி ஞாபகம் வந்து மறுபடி பாக்கெட்டைத் தடவினார்.

விஷயம் சாதாரணமானதல்ல. மேனேஜர் வேலையை விட்டுப் போய் மூன்று மாதமாகிறது. அவருடைய அறை காலியாக இருக்கிறது. சுழல் நாற்காலி காலியாக இருக்கிறது. மதிய இடைவேளையில் யாரும் பார்க்காதபோது பூட்டு அதில் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "அந்த ரூமுக்கு வெளியிலேர்ந்து ஆள் எடுக்கறதா இல்ல. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சேர்த்து ஒரு விஷயம் சொல்லப்போறேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். வெளியிலிருந்து இல்லையென்றால் உள்ளேயிருந்து. உள்ளே என்றால் வேறு யார்? இன்று புதன்கிழமை. இரண்டு நாளில் சுழல் நாற்காலியில் உட்காரப்போகிறவர், இரண்டு மணிக்கு ஒரு கதவைத் திறக்க முடியாமல் நிற்கலாமா?

மூட்டை விவகாரத்தை ஆரம்பித்ததும் முதலாளிதான். பதினைந்து நாளைக்கு முன்னால் எல்லோரையும் கூட்டி வைத்துக் கொஞ்சம் கரகரத்த குரலில் பேசினார்.

"கஷ்டம் யாருக்கு எப்ப வரும்னு சொல்ல முடியாது. வீடு எரிஞ்சு போனவங்க, திடீர்னு தெருவுக்கு வந்தவங்க, இவங்களுக்கெல்லாம் உதவறதுக்கு நம்ம ஊர்ல உடனுதவி நிலையம்னு ஒண்ணு இருக்கு. நம்ம கம்பெனி சார்பா ஆளுக்கு ஒரு மூட்டை குடுக்கறோம். ரெண்டு செட் துணி, ஒரு ஜோடி ஷூ, ஒரு கம்பளி. அவங்கவங்க அளவுல வாங்குங்க."

"எதுக்கு சார் எங்க அளவுல?" என்று டைப்பிஸ்ட் அம்மாள் கேட்டார்.

"கடையில போய் முழிக்க வேணாம் பாருங்க. அளவு கையோட இருக்கும். உங்களுக்கே வாங்கற மாதிரி நினைச்சு நல்லதா வாங்குங்க. மூட்டை மேல மறக்காம பேரை எழுதிச் சீட்டு கட்டிடுங்க."

நாற்பத்திரண்டு பேரும் கட்டினார்கள். முதலாளி மட்டும் கட்டவில்லை. எல்லோரும் மூட்டை கட்டினால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா? மூட்டைகளைச் சேகரித்து அனுப்பும் பொறுப்பு பூட்டுக்கு வந்தது. அவர் அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்தார். பேக்கிங் பிரிவில் ஒருவர் கொடுத்த சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்று மூட்டையையே திருப்பி அனுப்பினார். "கஷ்டத்துல இருக்கறவன்னா என்ன வேணா குடுக்கலாம்னு நினைச்சியா? அவனும் மனுஷன்தானே?" என்று நாலு பேர் கேட்கும்படி கடிந்துகொண்டார். அந்த மனிதர் பொத்தான் தைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

பூட்டின் மூட்டையை அவர் மனைவி கட்டியிருந்தார். கடைக்குப் போய், அவர் அளவில் இரண்டு புதுச் சட்டை, இரண்டு பேன்ட், பளபளவென்று கறுப்பு ஷூ, நீலக் கம்பளி. மூட்டையைப் பார்த்த பூட்டுக்கு நேற்றிரவு தூக்கம் வரவில்லை. இன்று காலை மனைவி குளிக்கப் போன நேரத்தில் மூட்டையை அவிழ்த்தார். நல்லதெல்லாம் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. கழுத்துப்பட்டை கிழிந்த சட்டை ஒன்று, பொத்தானே இல்லாத சட்டை ஒன்று, ஜிப் போன பழுப்புப் பேன்ட், இடது காலுக்கு எட்டாம் நம்பரும் வலது காலுக்கு ஒன்பதாம் நம்பருமாக இரண்டு ஷூ, எலி கடித்த கம்பளி. மூட்டை பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. எவனோ ஒருத்தன் போடப்போகிறான், அவன் வந்து நம்மைக் கேட்கவா போகிறான் என்று சொல்லிக்கொண்டார். புது ஷூவை மட்டும் பீரோவில் வைக்க மனம் வராமல் காலில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அது இப்போது இரண்டு குதிகாலையும் கடித்துக்கொண்டிருந்தது.

நிலையத்துக்குப் போன் செய்து, "என் மூட்டையில் சாவி இருக்கிறது, எடுத்து வையுங்கள்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் சாவிக்காக மூட்டையை அவிழ்ப்பார்கள். அவிழ்த்தால் உள்ளே இருப்பதைப் பார்ப்பார்கள். மேலே சீட்டில் பெயர் இருக்கிறது. அது முதலாளி காதுக்குப் போனால் சுழல் நாற்காலி சுழன்று வேறு பக்கம் போய்விடும். நேரில் போய், யாரும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம் என்று தீர்மானித்தார்.

"எனக்கு வயிறு சரியில்ல. டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று டைப்பிஸ்ட் அம்மாளிடம் சொன்னார்.

"காலையில நல்லா இருந்தீங்களே சார்."

"திடீர்னு பிடிச்சுக்கிச்சு."

நொண்டிக்கொண்டே வெளியே போனவரை டைப்பிஸ்ட் அம்மாள் கவலையோடு பார்த்தார். வயிற்று வலிக்கு மனுஷன் ஏன் நொண்டுகிறார் என்று யோசித்தார். யோசித்துவிட்டுப் போனை எடுத்தார்.

உடனுதவி நிலையம் ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு பெஞ்சு, உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் பதிவு எழுதும் அம்மாள். சுவரில் பெரிய எழுத்தில் மூன்று வரிகள்: வருபவரைக் கேள்வி கேட்டுக் குடையாதே. சொல்வதைப் பொய்யென்று சொல்லாதே. வெறுங்கையோடு அனுப்பாதே.

பூட்டு நொண்டிக்கொண்டு வந்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"உட்காருங்க ஐயா" என்றார் பதிவு அம்மாள்.

"உட்கார நேரமில்லம்மா. ஒரு மூட்டையை நான் பார்க்கணும்."

"குடுப்போம். முதல்ல உட்காருங்க."

"எனக்குக் குடுக்க வேணாம். நான் குடுத்தவன். குடுத்ததுல ஒரு சின்ன இது ஆயிடுச்சு."

"பரவாயில்ல ஐயா. இங்க வர்றவங்க பாதிப் பேர் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. குடுக்க வந்தேன்பாங்க. சிநேகிதனுக்காகக் கேக்க வந்தேன்பாங்க. ஒருத்தர் மூணு நாள் தொடர்ந்து வழி கேக்க வந்தேன்னார். இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல."

பூட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, நான் யாருன்னு நினைச்சுப் பேசறீங்க? அட்டைப்பெட்டிக் கம்பெனியில ஸ்டோர் சூப்பர்வைசர்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் கம்பெனியா?"

"அதேதான்." வழிக்கு வந்துவிட்டார்கள் என்று பூட்டு நிமிர்ந்து நின்றார்.

பதிவு அம்மாள் முன்னால் இருந்த நோட்டை மூடிவிட்டு, மேசையின் கீழ் அறையிலிருந்து ஒரு நீல ஃபைலை எடுத்தார். பெயர் கேட்டார். பட்டியலில் விரலை மெல்ல ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இருக்கீங்க" என்றார். குரல் முன்னைவிடத் தணிந்துவிட்டது.

"இருப்பேன்ல? அதைத்தானே நான் வந்ததுலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்."

"சரிங்க ஐயா. உங்க மூட்டையை எடுத்துத் தரேன். மூட்டைக்காரர் சாப்பிடப் போயிருக்கார், அவர்கிட்டதான் மூட்டை அறைச் சாவி இருக்கு. அதுவரைக்கும் ஒரு டீ குடிங்க."

சாவியை ஒரே ஆள் வைத்துக்கொண்டு வெளியே போவது எவ்வளவு பொறுப்பில்லாத வேலை என்று பூட்டுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் டீ இலவசம். பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு அம்மாள் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புடவை அவருடையதல்ல என்பது பார்த்ததும் தெரிந்தது. வீடு எரிந்து நான்கு நாள் ஆகிறதாம். தன் தட்டிலிருந்த இரண்டு பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துப் பூட்டின் பக்கம் நீட்டினார்.

"சாப்பிடுங்க. முதல் நாள்தான் தொண்டையில இறங்காது. அப்புறம் பழகிடும்."

பூட்டு அதை வாங்கித் தின்றார். தொண்டையில் நன்றாகவே இறங்கியது.

பதிவு அம்மாள் ஒரு படிவத்தோடு வந்தார். "வீட்ல எத்தனை பேர்?"

"நானும் என் மனைவியும்."

"சொந்த வீடா, வாடகையா?"

"வாடகை. இதெல்லாம் எதுக்கும்மா? நன்றிக் கடிதம் அனுப்பவா? அப்படீன்னா கம்பெனி விலாசத்துக்கே அனுப்பிடுங்க. முதலாளி கண்ணுல படட்டும்."

அந்த அம்மாள் படிவத்தைத் திருப்பினார். "மனைவியோட போன் நம்பர் சொல்லுங்க." எழுதிக்கொண்டு, "ராத்திரி தூக்கம் வருதா?" என்றார்.

"வராம என்ன? நேத்துதான் கொஞ்சம் வரல. மூட்டையைப் பத்தியே யோசிச்சுட்டிருந்தேன்."

"பாவம்" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. மூட்டைக்காரர் வரவில்லை. பூட்டுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று மேசையில் ஓங்கித் தட்டினார்.

"எவ்வளவு நேரமா சொல்றது? நான் வாங்கறவன் இல்ல, குடுக்கறவன். வாழ்க்கையில யார்கிட்டயும் கை நீட்டினது இல்ல. ரெண்டு நாள்ல மேனேஜர் ஆகப்போறவன்."

உள்ளே வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அதுதான் அவரை இன்னும் கலவரப்படுத்தியது. வீடு எரிந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆலோசகர் சார்" என்று பதிவு அம்மாள் மெதுவாகக் கூப்பிட்டார். "இவரைக் கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போங்க. மேனேஜர் ஆகப்போறேங்கறார்."

ஆலோசகரின் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை இருந்தன. அவர் மெத்தைமேல் நடக்கிறவரைப் போல மெல்லப் பேசினார்.

"அழணும்னு தோணினா அழலாம் சார். இங்க யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"எனக்கு அழணும்னு தோணல. எனக்கு வேணுங்கறது ஒரு பேன்ட்."

இதைச் சொல்லும்போதே பூட்டுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. இங்கே கொடுக்க வந்தவன் பேச்சு எடுபடவில்லை. வாங்க வந்தவன் கேட்டால் ஓடி ஓடிக் கொடுக்கிறார்கள். சரி, அரை மணி நேரம் வாங்க வந்தவனாக இருந்துவிட்டுப் போனால் என்ன? தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆமா சார். கஷ்டம்தான். மாத்திக்கக்கூடத் துணி இல்ல. ஒரு பேன்ட் குடுத்தா போதும். போயிடுவேன்."

ஆலோசகர் முகம் மலர்ந்தது. "ஒத்துக்கிட்டீங்க பாருங்க, பாதி பாரம் இறங்கின மாதிரி. இருங்க." வெளியே போய்ப் பொதுத்துணி அலமாரியிலிருந்து ஒரு கறுப்புப் பேன்ட்டைக் கொண்டுவந்தார். மடிப்புக் கலையாத பேன்ட்.

"இது வேணாம் சார். பழுப்பு நிறத்துல இருந்தா நல்லது."

பழுப்பு நிறத்தில் ஒன்று வந்தது. அதுவும் நல்ல பேன்ட்.

"இவ்வளவு நல்லதா வேணாம். இன்னைக்கு வேன்ல வந்த மூட்டைங்கள்ல தேடிப் பாருங்களேன். கொஞ்சம் பழசா, கொஞ்சம் சாயம் போனதா."

"ஏன் சார் பழசு கேக்கறீங்க?"

"எனக்குப் பழசுதான் சரி. ஜிப் இல்லாம இருந்தா ரொம்ப நல்லது."

ஆலோசகர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கையைப் பிடித்தார்.

"சார், என்னைப் பாருங்க. நீங்க ஜிப் இருக்கற பேன்ட் போடத் தகுதியானவர்."

"இல்ல சார்."

"தகுதியானவர் சார். நீங்களே உங்களை இவ்வளவு கீழ வச்சுப் பார்க்கக் கூடாது. யார் உங்களை இப்படிப் பண்ணினது?"

"யாரும் பண்ணல. எனக்கு ஜிப் போன பழுப்புப் பேன்ட்தான் வேணும். முப்பத்தாறு இடுப்பு. வலது முட்டியில ஒரு கறை இருக்கணும்."

ஆலோசகர் அவர் கையை விட்டுவிட்டார். பெட்டியிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபது வருடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு நொறுங்கிப் போன மனுஷனைப் பார்த்ததில்லை என்று அவர் வெளியே போய்ச் சொன்னது பூட்டின் காதிலும் விழுந்தது. சற்று நேரத்தில் உறை பிரிக்காத புதுப் பேன்ட் ஒன்று வந்தது. பிறகு அதற்கு ஒரு பெல்ட். பிறகு இன்னொரு டீ. எல்லாவற்றையும் பூட்டு வேண்டாமென்று தள்ளிவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக இலவசமாக வருவதை வேண்டாமென்று சொல்கிறோமே என்று அவருக்கே வேதனையாக இருந்தது. டீயை மட்டும் குடித்தார்.

மணி ஒன்று பத்து. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, கதவில் பூட்டு, கம்பி வழியே மூட்டைகள் தெரிந்தன. ஜன்னலில் ஒரு காலை எடுத்து வைத்தார். புது ஷூ வழுக்கிவிட்டது. ஆலோசகர் ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"சார், வேணாம் சார். உங்களுக்கு ஒரு மனைவி இருக்காங்க."

"தரைத்தளம்தானே சார் இது. எங்க விழப்போறேன்?"

அதை யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு பேர் ஜன்னலைச் சாத்தினார்கள். பூட்டு வெளியே கூட்டிவரப்பட்டு, பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். பதிவு அம்மாள் வந்து, "உங்க வீட்ல சொல்லிட்டோம் ஐயா. கிளம்பிட்டாங்க" என்றார்.

பூட்டுக்கு உலகமே இருண்டுவிட்டது.

அவர் மனைவிக்கு இதற்குள் இரண்டு போன் போயிருந்தது. முதல் போனில் டைப்பிஸ்ட் அம்மாள், "சாருக்கு வயித்து வலி, நொண்டிக்கிட்டே டாக்டர்கிட்டப் போயிருக்கார்" என்றார். இரண்டாவது போனில் யாரோ ஒரு பெண், "உங்க வீட்டுக்காரர் இங்க பத்திரமா இருக்கார், ஜன்னலையெல்லாம் சாத்திட்டோம், பதறாம வாங்க" என்றார். பதறாமல் வரக்கூடிய செய்தியா இது? ஒன்றரை மணிக்கு மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"ஏங்க, என்னங்க ஆச்சு? டாக்டர் என்ன சொன்னார்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. கத்தாத."

"அப்புறம் ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"ஸ்டோர் சாவி பேன்ட்ல மாட்டிக்கிச்சு. அந்தப் பேன்ட் மூட்டையில போயிடுச்சு. வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன். இவங்க என்னைப் பரதேசின்னு நினைச்சு உபசாரம் பண்றாங்க. நீயாவது சொல்லு."

மனைவி அப்பாடா என்று மூச்சுவிட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

"எந்தப் பேன்ட்?"

"அந்தப் பழுப்பு."

"மூட்டையில நான் வச்சது ரெண்டும் புதுசாச்சே. ஜிப் போன பேன்ட் எப்படி அதுக்குள்ள போச்சு?"

பூட்டு கூரையைப் பார்த்தார். மனைவி அவர் கூரையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே பார்த்தார். பார்வை அவர் காலில் வந்து நின்றது.

"இந்த ஷூ உங்க கால்ல என்ன பண்ணுது?"

பூட்டு காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மூட்டைக்காரர் வந்து சேர்ந்தார். அறுபது வயது இருக்கும். காதில் பென்சில். அதிகம் பேசுகிற ஆளில்லை. பதிவு அம்மாள் நீல ஃபைலைக் காட்டி ஏதோ சொன்னதும் மாடிப்படிக்குக் கீழே போய், சீட்டில் பெயர் பார்த்து, ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மேசைமேல் இறக்கினார்.

"நீங்க எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் போனீங்கன்னா நானே..." என்று பூட்டு எழுந்தார்.

அதற்குள் மனைவி முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

கழுத்துப்பட்டை கிழிந்த சட்டை வந்தது. பொத்தான் இல்லாத சட்டை வந்தது. எட்டாம் நம்பர் இடது ஷூவும் ஒன்பதாம் நம்பர் வலது ஷூவும் வந்தன. கம்பளியை மனைவி விரித்துத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அந்தப் பக்கம் வீடு எரிந்த அம்மாளின் முகம் தெரிந்தது. பூட்டு பழுப்புப் பேன்ட்டைப் பிடுங்கிப் பாக்கெட்டில் கைவிட்டார். சாவிக்கொத்து கலகலத்தது. மணி ஒன்று நாற்பது. ஓட்டமாக ஓடினால் இரண்டுக்குள் போய்விடலாம். சுழல் நாற்காலி தப்பித்தது.

"இதையா ஒரு மனுஷனுக்குக் குடுத்தீங்க?" என்றார் மனைவி. பதினெட்டு வருடமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறவருக்குக் கஞ்சத்தனம் புதிதல்ல. நாலு பேர் முன்னால் இப்படி மேசையில் பரத்திப் பார்த்ததுதான் புதிது. அவமானம் தாங்காமல் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "இதைப் பிரிக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது நினைச்சுப் பார்த்தீங்களா?"

"எவனோ ஒருத்தன். முகம் தெரியாத ஆளைப் பத்தி என்னத்த நினைக்கறது?" பூட்டு சாவியைப் பாக்கெட்டில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். சாவி கைக்கு வந்ததும் மிடுக்கும் திரும்பி வந்துவிட்டது. "ஒண்ணுமில்லாதவனுக்கு இதுவே பெருசு. குளிர்ல நடுங்கறவன் கம்பளியில ஓட்டை இருக்கான்னா பார்த்துட்டிருப்பான்?"

பதிவு அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆலோசகர் வேண்டாமென்று தலையசைத்தார். இருவரும் அந்தக் கம்பளியையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்கள். தன் பேச்சின் கனம் தாங்காமல் குனிந்துகொண்டார்கள் என்று பூட்டு நினைத்தார்.

மூட்டைக்காரர் மட்டும் நிதானமாகத் துணிகளை மறுபடி மடித்து உள்ளே வைத்து, ஓட்டைக் கம்பளியை மேலே போட்டு, முடிச்சை இறுக்கி அவரிடம் நீட்டினார்.

"என்கிட்ட எதுக்குய்யா குடுக்கறீங்க?" பூட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். வாசல்வரை கேட்கும்படியாகச் சொன்னார். "நான் குடுத்தது குடுத்ததுதான். குடுத்ததைத் திரும்ப வாங்கற பழக்கம் எங்க பரம்பரையிலேயே கிடையாது. உள்ள கொண்டுபோய் வைங்க, யாராவது கஷ்டப்படறவன் வந்தா குடுங்க."

மூட்டைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, நீல ஃபைலில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

"அதான் சார் குடுக்கறேன், வெள்ளிக்கிழமை கம்பெனியை மூடினதும் நாப்பத்திரண்டு பேரும் இங்க வருவாங்க, அவங்கவங்க பேர் போட்ட மூட்டையை அவங்கவங்க கையில குடுத்துடுங்கன்னு உங்க முதலாளி முன்னாடியே சொல்லி வச்சுட்டாரு, நீங்கதான் ரெண்டு நாள் சீக்கிரமா வந்துட்டீங்க."